செயினைக் கவனிப்போம்: மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு



2025 நவம்பர் கடைசியில் வீசிய டித்வா புயலில் மலையகத்தின் பல சரிவுகள் இடிந்து விழுந்தன. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் லயங்களையும் வீடுகளையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். அதற்கு முன்னரும் நம் மக்கள் இடம்பெயராத காலம் இல்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகக் குடும்பங்கள் எழுந்து சென்றன. 1977, 1983 வன்செயல்களின் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே மண்ணைக் கொத்தி வாழ்கிறார்கள்.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. குடியிருப்பு ஓரிடம், மரக்கறித் தோட்டம் வேறோரிடம். முன்பு லயத்தின் பின்புறம் இருந்த லீக்ஸ் பாத்திக்கும் கரட் பாத்திக்கும் இப்போது பல மைல் போய்வர வேண்டியிருக்கிறது. பஸ் போகாத தோட்ட ரோட்டு, கல் பெயர்ந்த குறுக்குப்பாதை, மழை ஓடி அரித்த வாய்க்கால். அந்தப் பாதையில் போகக்கூடிய ஒரே வாகனம் மோட்டார் சைக்கிள். உரமூட்டை போவதும், மரக்கறிச் சாக்கு சந்தைக்கு வருவதும், காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதில்தான்.

இப்போது ஓடும் வண்டிகளில் பல பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிக்கே பெரிய விலை கொடுத்தவர்களும், லீசிங் கட்டி எடுத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை நிறுத்திவிடக்கூடிய சிறிய உறுப்பு ஒன்றைப் பற்றியே இவ்விதழில் பேசுகிறோம். அது செயின்.

செயின் எப்படித் தேய்கிறது?

இன்று நாம் காணும் உருளைச் செயினை 1880இல் மான்செஸ்டர் நகரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. இரண்டு பக்கத் தகடுகள், அவற்றை இணைக்கும் ஊசி, ஊசியைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் சுழலும் உருளை. இப்படி நூற்றுக்குக் கிட்டிய கண்ணிகள் சேர்ந்ததே ஒரு செயின்.

"செயின் இழுபட்டு நீண்டுவிட்டது" என்று சொல்வோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபடுவதில்லை. ஊசியும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் கால் மில்லிமீற்றர் தேய்ந்தால், 100 கண்ணிகளில் 25 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் நீளும். தேய்வு உள்ளே நடப்பதால், வெளியே கறுப்பாக ஒயில் மினுங்கும் செயினும் உள்ளே தேய்ந்திருக்கலாம்.

மலையகத்தில் இத்தேய்வு விரைவாக நடக்கக் காரணங்கள் உண்டு. ஏற்றத்தில் முதலாம், இரண்டாம் கியரில் பாரத்தோடு இழுக்கும்போது செயின்மேல் விழும் இழுவை மிக அதிகம். இறக்கத்தில் கியரில் அடக்கி இறங்கும்போது அது எதிர்ப்பக்கமாக இழுபடுகிறது. மழைச்சேறு ஒயிலைக் கழுவிவிட்டு, மணலை ஊசிக்குள் விட்டுச் செல்கிறது. இவற்றோடு நாம் கவனிக்காத ஒன்று உரம். யூரியாவும் மற்ற உரங்களும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். ஓட்டைச் சாக்கில் உரம் ஏற்றிய அன்று மாலையே செயினைத் துடைத்து ஒயில் விடுவது அவசியம்.

பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளக்கலாம்

செயினை மாற்றும் காலம் வந்துவிட்டதா என்பதை அறிய விசேட கருவி வேண்டியதில்லை. பிள்ளையின் 12 அங்குல அடிமட்டம் போதும்.

முதலில் செயினின் பக்கத் தகட்டில் பதித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் 428 என்றும், பெரிய ட்ரெயில் பைக்குகளில் 520 என்றும் இருக்கும். முதல் இலக்கம், ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்குள்ள தூரத்தை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளில் சொல்கிறது. 4 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம். 5 என்றால் எட்டில் ஐந்து அங்குலம்.

ஆகவே 428 செயினில் 20 கண்ணிகள் சரியாக 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். முதல் ஊசியின் நடுவிலிருந்து 21ஆவது ஊசியின் நடுவரை அளவுங்கள். 520 செயினில் 16 கண்ணிகளே 10 அங்குலம் வரும். அங்கே 17ஆவது ஊசிவரை அளக்க வேண்டும்.

அளக்கும்போது செயின் தளர்ந்து தொங்கக்கூடாது, இழுபட்டு நிற்க வேண்டும். சில்லைச் சுற்றி மூன்று, நான்கு இடங்களில் அளவுங்கள். ஓரிடத்திலாவது 259 மில்லிமீற்றரைத் தொட்டுவிட்டால் செயினின் காலம் முடிந்துவிட்டது. புதிய செயினுக்கும் மாற்ற வேண்டிய செயினுக்கும் உள்ள வித்தியாசம் 5 மில்லிமீற்றர் மட்டுமே. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

இன்னும் மூன்று அடையாளங்கள் உண்டு. பின்பக்கப் பல்லுச்சில்லின் கடைக்கோடியில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் பல்லுச்சில்லும் போய்விட்டது. கண்ணிகள் சில மடங்காமல் விறைத்து நின்றால், உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும்?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விடுங்கள். இரண்டு பல்லுச்சில்லுகளுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் அசையுங்கள். மொத்த அசைவே தளர்வு. சாதாரண வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் என்பது பொதுவான அளவு. ட்ரெயில் பைக்குகளின் பின்சில்லு அதிகம் ஏறி இறங்குவதால் 35 முதல் 50 வரை கேட்பவை உண்டு. உங்கள் வண்டிக்கான சரியான அளவு செயின் கவரிலோ அதன் அருகிலோ ஒட்டியிருக்கும். புத்தகத்திலும் இருக்கும்.

சில்லைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது செயின் முறுக்கேறி பெயாரிங்கைத் தின்றுவிடும்.

பாரம் ஏற்றுபவர்கள் கவனிக்க: ஆட்களும் மூட்டையும் ஏறும்போது பின்சில்லு மேலே எழும். முன் பல்லுச்சில்லும், பின்சில்லைத் தாங்கும் கையின் முளையும், பின் அச்சும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயின் மிக இறுகும். ஆகவே வெறும் வண்டியில் அளந்து முடித்தபின், வழமையாக ஏற்றும் பாரத்தை ஏற்றி மறுபடியும் செயினை அசைத்துப் பாருங்கள். அப்போதும் சிறிது தளர்வு மிஞ்ச வேண்டும்.

இறுக்குவதற்கு முதலில் பின் அச்சு நட்டைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் பல்லுச்சில்லுப் பக்கம் இன்னொரு பெரிய நட்டும் உண்டு. அதையும் தளர்த்த வேண்டும். பிறகு இருபக்க அட்ஜஸ்டர்களையும் சமமாகத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே இலக்கத்தில் நிற்க வேண்டும். ஒருபக்கம் கூடினால் சில்லு சாய்ந்து, செயின் பல்லின் ஓரத்தை அறுக்கும். அச்சு நட்டை நன்றாக இறுக்கி, அதில் பிளவு ஊசி உள்ள வண்டியானால் புதிய ஊசியைப் போடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கம்பியால் இயங்கும் பின் டிரம் பிரேக் உள்ள வண்டியில், சில்லைப் பின்னுக்குத் தள்ளும்போது பிரேக் கம்பியும் இழுபடும். பிரேக் மிதியின் விளையாட்டையும் பிரேக் விளக்கையும் மறுபடி சரிபார்க்காமல் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

துடைப்பதும் ஒயில் விடுவதும்

இப்பகுதியில் ஓர் எச்சரிக்கையை எல்லாவற்றுக்கும் முதலில் வைக்கிறோம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைக் கியரில் ஓடவிட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. துணி பல்லில் சிக்கினால் கையை இழுத்துக்கொண்டு போகும். விரல் துண்டாக ஒரு கணம் போதும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சில்லைக் கையால் சுழற்றியே இந்த வேலையைச் செய்யுங்கள். சிறு பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

துடைப்பதற்கு மண்ணெண்ணெய் போதும். பெற்றோலும் தின்னரும் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், ரப்பர் வளையமுள்ள செயின்களில் அவை வளையத்தைக் கெடுப்பது மறுபுறம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நான்கு பக்கமும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். கழுவிய மண்ணெண்ணெயைப் பீலிக்கரையிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். கீழே இருக்கும் லயம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஒரு டின்னில் மூடி வைத்தால் அழுக்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்குப் பாவிக்கலாம்.

ஒயிலுக்கு 80/90 கியர் ஒயில் நல்லது. வண்டி ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுழலும்போது ஒயில் தானாக வெளிப்பக்கம் பரவும். இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் ஒயிலில் மணல்தான் ஒட்டும்.

நல்ல ரோட்டில் 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை செய்தால் போதும் என்பது பொதுக்கணக்கு. நம் மழைக்கும் சேற்றுக்கும் அது போதாது. வாரம் ஒருமுறையும், நன்றாக நனைந்த ஒவ்வொரு நாளின் முடிவிலும் ஒயில் விடுங்கள். வன்னியில் இருக்கும் நம் குடும்பங்களுக்குப் பிரச்சினை சேறு அல்ல, தூசி. அங்கே ஒயிலைக் குறைவாக விட்டு, நன்றாகத் துடைப்பதே முறை.

செயினை மாற்றும் முறை

செயினை மட்டும் மாற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால், அந்தப் பல் புதுச் செயினையும் விரைவில் தின்றுவிடும். முன் பல்லுச்சில்லு, பின் பல்லுச்சில்லு, செயின் மூன்றையும் ஒரு செட்டாக மாற்றுவதே கடைசிக் கணக்கில் இலாபம். கடைக்குப் போகும்போது செயின் எண், கண்ணிகளின் எண்ணிக்கை, இரண்டு பல்லுச்சில்லுகளின் பல் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய செயினையே ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டு போவது இன்னும் நல்லது.

1. பழைய செயின் இருக்கும்போதே, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, முன் பல்லுச்சில்லின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிய பின் அது சுழன்றுகொண்டு பிடி கொடுக்காது.

2. சில்லைச் சுழற்றி, செயின் லொக்கைப் பின் பல்லுச்சில்லின் மேல் கொண்டு வாருங்கள். குறட்டால் கிளிப்பைத் தள்ளி, தகட்டையும் ஊசியையும் எடுத்துச் செயினைக் கழற்றுங்கள். லொக் இல்லாமல் அடித்து மூடிய செயினை வெட்டவும் பொருத்தவும் தனிக் கருவி வேண்டும். அதைக் கராஜில் கொடுப்பதே நல்லது.

3. முன் கவரின் உள்ளே கட்டியாக நிற்கும் சேற்றையும் கிறீஸையும் சுரண்டி எடுங்கள். அங்கே எஞ்சினிலிருந்து ஒயில் கசிகிறதா என்று பாருங்கள். புதிய முன் பல்லுச்சில்லைப் பொருத்துங்கள்.

4. பின்சில்லைக் கழற்றி, பின் பல்லுச்சில்லை மாற்றுங்கள். நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். மடிக்கும் வாஷர் இருந்தால் அதை நட்டின்மேல் மடித்துவிடுங்கள். சில்லுக் குடத்தினுள் இருக்கும் ரப்பர் துண்டுகள் நொறுங்கியிருந்தால் இதே வேளையில் மாற்றுங்கள். அவை போனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் செயினில் உதை விழும்.

5. சில்லை மாட்டி, அட்ஜஸ்டர்களை நன்றாக முன்னுக்கு விட்டுவிட்டு, புதிய செயினைச் சுற்றிப் போடுங்கள். இரண்டு முனைகளையும் பின் பல்லுச்சில்லின் பற்களில் வைத்தால் லொக்கை மாட்டுவது இலகு.

6. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி, வாய் திறந்த பக்கம் பின்னுக்கு இருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஒரு கல் பட்டாலே கிளிப் கழன்றுவிடும். பழைய கிளிப்பை மறுபடி பாவிக்காதீர்கள்.

7. தளர்வையும் நேரையும் பிரேக்கையும் சரிபார்த்து, கவரைப் பூட்டுங்கள். புதிய செயின் முதலில் சிறிது தளரும். 100, 200 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள்.

கூட்டங்களில் கேட்ட கேள்விகள்

"சாமி, தளர்ந்த செயினில் கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டினால் என்ன?" வெட்டிய பின்னும் மீதிக் கண்ணிகள் தேய்ந்த கண்ணிகளே. ஒவ்வொன்றும் பல்லுக்குப் பொருந்தாமல் மேலே ஏறி நிற்கும். ஏற்றத்தில் பாரம் விழும்போது பல் தாவும். சில வாரச் செலவைத் தள்ளிப்போட்டு, அறுந்து விழும் நாளை நெருங்க வைக்கிறோம்.

"கழிவு ஒயில் சும்மா கிடைக்கிறதே?" எஞ்சினிலிருந்து எடுத்த ஒயிலில் உலோகத் தூளும் அமிலமும் கலந்திருக்கும். தோலுக்கும் கேடு. ஒரு போத்தல் கியர் ஒயிலை நான்கு வீடுகள் பகிர்ந்தால் நீண்ட காலம் வரும்.

"முன்பக்கம் ஒரு பல் குறைத்தால் ஏற்றம் நன்றாக ஏறுமாமே?" 14 பல்லை 13 ஆக்கினால் இழுவை ஏழு, எட்டு வீதம் கூடும் என்பது உண்மை. ஆனால் செயின் சிறிய வட்டத்தில் மடிவதால் விரைவில் தேயும். பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாகப் போவது வண்டிக்கும் உயிருக்கும் நல்லது.

"லேண்ட்மாஸ்டரிலும் செயின் இருக்கிறதே?" மண்ணைக் கொத்தும் கத்திகளுக்குச் சக்தி கொண்டு போகும் செயின் பல வகைகளில் ஒயில் நிறைந்த பெட்டிக்குள் ஓடுகிறது. அங்கே ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் பால்கோப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒயிலை மாற்றுவதோடு, கசியும் சீலையும் மாற்ற வேண்டும்.

அறுந்தால் என்ன ஆகும்?

ஏற்றத்தில் அறுந்தால் வண்டி பின்னுக்கு உருளும். இறக்கத்தில் அறுந்தால் கியரின் அடக்கம் ஒரே நொடியில் இல்லாமல் போகும், பிரேக் மட்டுமே மிஞ்சும். அறுந்த செயின் முன் பல்லுச்சில்லில் சுருண்டால் எஞ்சின் உறையையே உடைக்கலாம். பின்சில்லில் சிக்கினால் சில்லு பூட்டிக்கொள்ளும். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் ரோட்டில் இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

செயின் கவரைக் கழற்றி வீசிவிட்டு ஓடும் வண்டிகளையும் காண்கிறோம். பின்னால் அமரும் தாய்மாரின் சேலைத் தலைப்பும், கொழுந்து பறித்துவிட்டு வரும் சகோதரிகளின் படங்குச் சாக்கும் செயினில் சிக்கினால் ஆளை இழுத்துக் கீழே தள்ளும். கவரும் சேலைத் தடுப்பும் இல்லாத வண்டியில் பெண்களை ஏற்றாதீர்கள்.

அறுந்த செயினைக் கம்பியால் கட்டி ஓட்ட முயலவும் வேண்டாம். உங்கள் செயினுக்குரிய லொக் ஒன்று, சிறிய குறடு ஒன்று, துணி ஒன்று ஆகியவை எப்போதும் ஆசனத்தின் கீழ் இருக்கட்டும்.

சேர்ந்து செய்யக்கூடியது

ஒரு தற்காலிகக் குடியிருப்பிலோ புதிய வீட்டுத்திட்டத்திலோ பத்து மோட்டார் சைக்கிள்கள் இருந்தால், பத்துப் பேரும் தனித்தனியே சாமான் வாங்க வேண்டியதில்லை. சாவி செட் ஒன்று, குறடு, ஒயில் கேன், அடிமட்டம், மண்ணெண்ணெய் டின், செயின் வெட்டும் கருவி ஆகியவை கொண்ட பெட்டி ஒன்று பொதுவில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி அளந்து, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். 254, 255, 256 என்று ஏறும் எண்ணைப் பார்த்தாலே, இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குள் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கலாம், சந்தை நாளில் அவசரக் கடன் வாங்க நேராது. நான்கைந்து பேருக்கு ஒரே செயின் என்றால் சேர்ந்து வாங்கி விலையும் பேசலாம்.

இந்தக் கொப்பியை எழுதும் பொறுப்பை இளம் பெண்பிள்ளைகளிடமும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அளக்கவும் எழுதவும் அவர்களுக்குத் தெரியும், அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும் அவர்கள்தாம். சாவி பிடிக்கக் கற்றுக்கொண்டால் நாளை ஒரு கைத்தொழிலாகவும் ஆகலாம்.

இழந்த வீட்டுக்கும் காணிக்கும் நீதி கேட்கும் நீண்ட வேலை நம்முன் இருக்கிறது. அது நடக்கும்வரை பாத்தி காயாமல் இருக்க வேண்டும், மரக்கறி சந்தைக்குப் போக வேண்டும், போனவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும். இவ்வார ஞாயிறு மாலை அடிமட்டத்தை எடுத்து உங்கள் செயினை அளந்து பாருங்கள்.